பகுதி சபையும் நம் கடைவீதியும்



மாநகராட்சி என்றால் நம்மில் பலருக்கு மூன்று விஷயங்கள்தான் நினைவுக்கு வரும்: சொத்து வரி, தொழில் உரிமம், ஆக்கிரமிப்பு அகற்ற வரும் வண்டி. நாம் அங்கே போவது ரசீது வாங்க. அவர்கள் இங்கே வருவது நோட்டீஸ் கொடுக்க. இந்த இரண்டு போக்குவரத்துக்கும் நடுவில், நம்மைப் பற்றி நாம் இல்லாத இடத்தில் ஊர்மக்கள் பேசுகிறார்கள், அந்தப் பேச்சு தீர்மானமாகவும் ஆகிறது என்பதை அறுபது வயது கடந்த பிறகுதான் நாம் நேரில் கண்டோம். அதை இங்கே எழுதுகிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் இப்படி ஒரு கடைவீதி இருக்கிறது.

மாமன்றக் கூட்டம் வேறு, பகுதி சபை வேறு. மாமன்றத்தில் மேயரும் கவுன்சிலர்களும் பேசுவார்கள். பொதுமக்கள் பார்வையாளராக உட்காரலாம், வாய் திறக்க முடியாது. மக்களே எழுந்து பேசுவதற்கென்று ஏற்பட்டது பகுதி சபை. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்களைக் கூட்டிக் குறை கேட்பது. அங்கே பேசப்படுவது வார்டு கமிட்டிக்கும், அங்கிருந்து மாமன்றத்துக்கும் போகும். 1993 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்திலேயே, 3 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள ஊர்களுக்கு வார்டு கமிட்டி வேண்டும் என்று சொல்லியாயிற்று. நம் மாநிலத்தில் அது உருவம் எடுக்க இத்தனை காலம் ஆனது. நடுவில் 2016 முதல் 2022 வரை கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகத்தில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடியது நினைவிருக்கும். சாக்கடை அடைத்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நாமே ஆள் விட்டு எடுத்த காலம் அது. 2022 பிப்ரவரி 19இல் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினம் என்று சொல்லி, பகுதி சபைகளைக் கூட்டினார்கள்.

நவம்பர் 1 என்றால் மாதத்தின் முதல் தேதி. மளிகைக்காரனுக்கு அதைவிட மோசமான நாள் கிடையாது. சம்பளம் வாங்கிய கையோடு மாதச் சாமான் சிட்டை வந்து குவியும். போதாததற்குத் தீபாவளி முடிந்து ஒரு வாரம். பண்டிகைக் கடன் வசூலும் சேர்ந்துகொண்டது. தேதி குறித்தவர்கள் கடைக்காரர்களை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நமக்கும் போகிற எண்ணம் இல்லை. முந்தின நாள் சிட்டை கொடுக்க வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்தான், "அண்ணாச்சி, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். உங்கள் கடைவீதியைப் பற்றித்தான் பாதிப் பேச்சு இருக்கும். உங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தராவது வந்து உட்காருங்கள்" என்றார். கல்லாவை மகனிடம் விட்டுவிட்டுப் போனோம்.

மாநகராட்சிப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் அறுபது பேர் இருப்பார்கள். பாதிக்கு மேல் பெண்கள். கவுன்சிலர், உதவிப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர், குறிப்பெடுக்க ஓர் இளநிலை உதவியாளர். கடைக்காரர் என்று நம்மைத் தவிர ஒரு தலை இல்லை. தெருவிளக்கு, நாய்த் தொல்லை, குடிதண்ணீர் வருகிற நேரம் என்று வழக்கமான குறைகள் முதலில் வந்தன. ஐப்பசி மழைக்குத் தெருவில் சாக்கடை பொங்கிக்கொண்டிருந்ததால் அதைப் பற்றி நாலைந்து பேர் பேசினார்கள். ஒரு பெரியவர், அடைப்பெடுத்தபோது வந்ததெல்லாம் சாக்குத் துணியும் பிளாஸ்டிக் பையும்தான் என்றார். 2019 ஜனவரி முதல் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் 14 வகைக்குத் தடை இருக்கிறதே, கடைவீதியில் மட்டும் எப்படிக் கிடைக்கிறது என்று ஒரு கல்லூரிப் பிள்ளை கேட்டான். எல்லோரும் திரும்பி நம்மைப் பார்த்தார்கள். நாம் சீலிங் பேனைப் பார்த்தோம்.

அப்புறம் ஓர் அம்மாள் எழுந்தார். நாற்பது வயது இருக்கும். கடைவீதிக்குப் பின் சந்தில் குடியிருப்பவர். தீபாவளிக்கு முந்தின வாரம் காலை பத்தரை மணிக்கு அவருடைய மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணிவிட்டது. 108க்குப் போன் செய்தார்கள். வண்டி பத்து நிமிஷத்தில் கடைவீதி முனைக்கு வந்துவிட்டது. முனையிலிருந்து சந்துக்கு இருநூறு அடி. அந்த இருநூறு அடியில் ஒரு லாரி நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. மறுபக்கம் தள்ளுவண்டிகள், அதற்கப்பால் நம்மவர்கள் தெருவில் இறக்கி வைத்த எண்ணெய் டின்கள். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். கடைசியில் பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி வந்து ஏற்றினார்கள். இருபது நிமிஷம் போய்விட்டது.

"அந்த இருபது நிமிஷத்தால்தான் அவருக்குக் கை விளங்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவருக்குச் சோறு ஊட்டும்போது எனக்கு அந்த லாரிதான் ஞாபகம் வருகிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த லாரியில் இருந்தது நம் சரக்கு. குல்பர்கா துவரம்பருப்பு, 200 மூட்டை.

கூட்டத்தில் ஒரே சத்தம். காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை கடைவீதிக்குள் சரக்கு லாரியே வரக்கூடாது என்று தீர்மானம் எழுதச் சொன்னார்கள். நாம் எழுந்தோம். லாரி எந்த நேரம் வரும் என்பது வியாபாரி கையில் இல்லை. வடக்கே இருந்து இரண்டு மூன்று நாள் ஓடி வருகிற வண்டி, வந்த நேரம் இறக்கவேண்டும், நிறுத்தி வைத்தால் காத்திருப்புக் கூலி கேட்பார்கள் என்று ஆரம்பித்தோம். குறிப்பெடுத்த தம்பி மரியாதையாகவே கேட்டார்: "ஐயா, உங்கள் ஓட்டு இந்தப் பகுதியிலா?"

இல்லை. கடை இங்கே, வீடு மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறு வார்டில். சபையின் உறுப்பினர் என்றால் அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். உட்கார்ந்துவிட்டோம். அந்தக் கேள்வி ஒருவகையில் நமக்கு வசதியாகப் போயிற்று என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். தொடர்ந்து பேசியிருந்தால் லாரி யாருடையது என்று சொல்லவேண்டி வந்திருக்கும்.

அன்று மாலை தலைமையாசிரியரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். பெரியவர் கட்டிலில் இருந்தார். நம்மைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னோம். "உங்கள் லாரி என்று அன்றைக்கே தெரியும் அண்ணாச்சி. மாமா முப்பது வருஷமாக உங்கள் கடை அரிசிதான் சாப்பிடுகிறார். கூட்டத்தில் பெயர் சொல்லவேண்டாம் என்றுதான் விட்டேன்" என்றார். காப்பி கொடுத்தார். அந்தக் காப்பி தொண்டைக்குள் இறங்கப் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும்.

நிற்க. இரண்டு நாள் கழித்துச் சங்கக் கட்டடத்தில் கூடினோம். தீர்மான விஷயம் தெரிந்து எல்லோரும் வந்திருந்தார்கள். மாதத்தின் முதல் தேதிக்கு வராதவர்கள் மூன்றாம் தேதி வந்தார்கள் என்று வையுங்கள். இளம் வியாபாரி ஒருவர் கொதித்தார். 2022 ஏப்ரலில் வணிகக் கட்டடங்களுக்குச் சொத்து வரி 100 சதவீதம் ஏறியது. அதாவது நேற்று 5,000 கட்டியவன் இன்று 10,000 கட்டுகிறான். வீட்டுக்காரர்களில் 600 சதுர அடிக்குள் இருப்பவருக்கு 25 சதவீதம்தான். "இரண்டு மடங்கு கட்டுகிறவன் வெளியே நிற்கவேண்டும், ஓட்டு இருக்கிறவன் உள்ளே தீர்மானம் போடுவானா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடைக்கு ஓட்டு கிடையாது. கடைக்காரன் ஓட்டு அவன் தூங்குகிற இடத்தில் இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் தூக்கி வந்த பெரியவரைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு வரி ரசீதை நீட்டிப் பேச நாக்கு எழவில்லை. நம் லாரி என்பதைச் சபையில் சொல்லாததைச் சங்கத்தில் சொன்னோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகுதான் கணக்குப் போட்டார்கள். உண்மையில் எத்தனை லாரி பகலில் வந்தே தீரவேண்டும்? வெங்காய மண்டிக்காரர்கள், நாசிக் லோடு மூட்டையில் வெந்து அழுகும், காத்திருக்க முடியாது என்றார்கள். ஒப்புக்கொள்ளவேண்டியதுதான். பருப்பும் மாவும் எண்ணெயும் காத்திருக்கும். நாம் பகலில் இறக்கியதற்குக் காரணம் சரக்கு அல்ல, இரவு இறக்குக்கூலி கூடுதல் என்பதும், கடை திறக்க ஆள் வேண்டும் என்பதும்தான். சுமைப்பணித் தொழிலாளர்களை அழைத்துப் பேசினோம். "முதலாளி, விடிகாலை நாலு மணிக்கு என்றால் எங்களுக்கும் வெயிலுக்கு முன்னால் முடியும். மூட்டைக்கு ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுங்கள்" என்றார்கள். 200 மூட்டைக்கு 200 ரூபாய். இதைக் கேட்காமலேதான் இத்தனை வருஷம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தோம்.

முடிவில் பருப்பு, மாவு, எண்ணெய் லாரிகள் இரவு 10 முதல் காலை 8 வரை. அழுகும் சரக்குக்கு மட்டும், பள்ளி விடும் நேரத்துக்கு முன்னதாக, மதியம் ஒன்றரை முதல் மூன்றரை. லாரி நிற்கும் நேரமெல்லாம் டிரைவர் வண்டியை விட்டு நகரக்கூடாது. ஒரு சுமையாள் தெரு முனையில் நிற்கவேண்டும். இதை எழுதி, குடியிருப்போர் சிலரைச் சங்கத்துக்கே அழைத்துக் காட்டினோம். அந்த அம்மாளும் வந்தார். டின்களையும் மூட்டைகளையும் தெருவில் வைக்கக்கூடாது என்பதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம். அதுதான் நம்மவர்களுக்கு லாரியைவிடக் கசப்பாக இருந்தது. சரக்கு கண்ணில் பட்டால்தானே விற்கும் என்கிறார்கள். இன்றுவரை நாலைந்து கடைகள் அதைக் காப்பாற்றுவதில்லை. சங்கத்தில் எழுந்து சொன்னால் சிரிக்கிறார்கள்.

அடுத்து வந்த சபைக்குக் கடைக்காரர்களில் ஓட்டுள்ளவர்கள் யார் என்று தேடினோம். கடைக்கு மேல் மாடியிலேயே குடியிருக்கும் பாத்திரக்கடைத் தம்பி ஒருவர் கிடைத்தார். அவர் எழுந்து இந்த ஏற்பாட்டைப் படித்தார். முழுத் தடை என்ற பழைய கோரிக்கைக்குப் பதில் இந்த நேரக்கட்டுப்பாடு என்று சபையே மாற்றி எழுதிக்கொடுத்தது. லாரி நேரம் மாநகராட்சி மட்டும் முடிவு செய்கிற காரியமல்ல, போக்குவரத்துப் போலீசாரும் சம்மதிக்கவேண்டும் என்று பொறியாளர் சொன்னார். அந்தக் காகிதம் எந்த மேஜையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட்பீ ஸ்டாம்பு ஒட்டி மனுப்போட்டோம். முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுச் சட்டம். பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது. உத்தரவு வரவில்லை, ஆனாலும் லாரிகள் அந்த நேரத்தில்தான் வருகின்றன. நம்மவர்களே கட்டிய கட்டு என்பதால் ஓடுகிறது. சாக்கடை மட்டும் அடுத்த மழைக்கும் பொங்கியது.

தள்ளுவண்டிக்காரர்கள் விஷயம் மிச்சமிருக்கிறது. அவர்களைத் துரத்துங்கள் என்று நம்மில் சிலர் சபையில் மனுக் கொடுக்கச் சொன்னார்கள். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதைப் பேசுவதற்கு நகர விற்பனைக் குழு இருக்கிறது. அதில் பத்துக்கு நாலு இடம் அவர்களுக்கு. வியாபாரிகள் சங்கத்துக்கும், குடியிருப்போர் சங்கத்துக்கும் அதிலே இடம் உண்டு. ஓட்டு எங்கே என்று யாரும் கேட்காத இடம் அது. நம் சங்கத்திலிருந்து யார் பெயரும் போகவில்லை என்பது விசாரித்தபோதுதான் தெரிந்தது. உங்கள் ஊரில் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

பெரியவர் 2024இல் காலமானார். அதற்கு முந்தின பொங்கல் வரை, ஒரு கைத்தடியோடு தெரு முனை வரை நடந்து வருவார். லாரி நின்றால் டிரைவர் உள்ளே இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

கடைக்கு மேலேயோ பின்கட்டிலோ குடியிருந்து, இந்தப் பகுதியில் ஓட்டுள்ள கடைக்காரர்கள் பதினொரு பேர் என்று சங்கத்தில் எண்ணி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு சபைக்கும் இருவர் போவது என்று முறை வைத்தாயிற்று. முதல் தேதியாக வந்தால் அவர்கள் கல்லாவில் யார் உட்காருவது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.