ஆயில் இன்ஜின்

புனே நகரத்தில் கட்கி என்று ஓர் இடம் இருக்கிறது. 1946-ஆம் ஆண்டு அங்கே கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின் கம்பெனி தொடங்கியது. அந்தக் குடும்பத்தார் அதற்கு முன்பே இரும்புக் கலப்பை செய்தவர்கள். இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று விவசாயிகள் முதலில் பயந்தார்களாம். அந்தப் பயம் போனது. பிறகு இன்ஜின் வந்தது. கரண்டு வராத வயல்களில் அது தண்ணீர் இறைத்தது.

இந்த இன்ஜின் எப்படி ஓடுகிறது? சைக்கிளுக்குக் காற்றடித்துப் பாருங்கள். பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை அழுத்தினால் சூடு பிறக்கும். டீசல் இன்ஜினிலும் இதேதான். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நன்றாக அழுத்துகிறது. காற்று மிகவும் சூடாகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகத் தீப்பிடிக்கிறது. பிளக் தேவையில்லை.

ஆகவே காற்று கசியக் கூடாது. கசிந்தால் சூடு போதாது. ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிக் கைதான் வலிக்கும்.

காற்று ஏன் கசிகிறது? பெரும்பாலும் புழுதியால். 5 குதிரைத்திறன் இன்ஜின் ஒரு நிமிடத்தில் 300 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறது. ஒன்றரை டீசல் பேரல் அளவு! வயல்காட்டுக் காற்றில் எவ்வளவு மண் இருக்கும்? அந்த மண் உள்ளே போனால் பிஸ்டன் ரிங்குகளை அரம் போல ராவிவிடும்.

இதைத் தடுப்பது ஏர் கிளீனர். பல இன்ஜின்களில் அதன் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். கிண்ணத்தில் ஆயில் இருக்கும். புழுதி அதில் ஒட்டிக்கொள்ளும். ஆயில் சேறு மாதிரி ஆகிவிட்டால் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். புது ஆயிலைக் கோடு வரை ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேலே வேண்டாம். சிலர் ஏர் கிளீனரையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இன்ஜின் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். சீக்கிரமே ரிங் மாற்றும் செலவு வந்து நிற்கும்.

இன்ஜின் ஆயிலைத் தினமும் பாருங்கள். இன்ஜினை நிறுத்திச் சற்று நேரம் கழித்து அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பது இன்ஜினோடு வரும் புத்தகத்தில் இருக்கும். ஓடிய மணியை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கழிவு ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.

டீசலை வடிகட்டி ஊற்றுங்கள். டேங்க் காலியாகும் வரை ஓட்டாதீர்கள். காலியானால் குழாயில் காற்று புகுந்துவிடும். அப்புறம் டீசல் ஊற்றினாலும் ஓடாது. பில்டரில் உள்ள சிறு திருகைத் தளர்த்துங்கள். முதலில் நுரை வரும். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் முடுக்குங்கள்.

புகையும் செய்தி சொல்லும். கருப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது பாரம் அதிகம். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங் தேய்ந்திருக்கலாம்.

தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்குத் தண்ணீர் தடையில்லாமல் ஓட வேண்டும். இல்லாமல் காய்ந்து சூடேறிவிட்டால் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஹெட் வெடித்துவிடும். முதலில் நிறுத்தி ஆறவிடுங்கள். ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் துண்டோ முந்தானையோ தொங்கக் கூடாது.

இனி கிணற்றுக்கு வருவோம். பம்பு 20, 25 அடி ஆழம் வரைதான் தண்ணீரை உறிஞ்சும். கோடையில் தண்ணீர் கீழே போய்விடும். உடனே இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். இது உயிருக்கே ஆபத்து. இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கி நிற்கும். இறங்கியவர் தலைசுற்றி விழுவார். அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். ஒரே வீட்டில் இரண்டு, மூன்று பேர் இப்படிப் போவதுண்டு.

யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்லுங்கள். அவர்களிடம் மூச்சுக்கருவி இருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டாலும் வாயு உடனே வெளியேறாது. ஆழக் கிணற்றுக்கு நீர்மூழ்கி மோட்டார் போன்ற வேறு வழி தேட வேண்டும். இன்ஜின் மேலேயே இருக்கட்டும்.