வலி போன பல் பிளப்பது ஏன்?

ரவாங் நேயர் ஒருவர் கேட்கிறார்: “வேர் சிகிச்சை முடிந்து வலி போய்விட்டது. மேலும் பணம் செலவழித்து உறை எதற்கு?”

வலி போனாலும் பல்லுக்குப் பலம் திரும்பிவிடாது. முறுக்கு கடிக்கும்போது பல் பிளந்தால், நரம்பை எடுத்ததால் பல் காய்ந்துவிட்டது என்கிறோம். முக்கியக் காரணம் அதுவன்று. 1989-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேர் சிகிச்சைக்கான துளையால் பல்லின் விறைப்பு 5 விழுக்காடே குறைந்தது. இரு பக்க விளிம்புகளையும் இழந்த குழியினாலோ 63 விழுக்காடு குறைந்தது. சொத்தை தின்ற சுவர்தான் பலவீனம்.

எதைக் கொண்டு சீரமைக்கிறோம் என்பதும் முக்கியம். எஃகு, பல்லின் உட்பகுதியைவிடச் சுமார் 10 மடங்கு விறைப்பானது. வேருக்குள் எஃகுத் தண்டு வைத்தால் மெல்லும்போது அது வளையாது. அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து வேர் பிளக்கலாம். நெடுக்காகப் பிளந்த வேரைப் பெரும்பாலும் பிடுங்கவே வேண்டும். கண்ணாடி இழைத் தண்டு பல்லோடு சேர்ந்து சற்று வளையும். பெரும்பாலும் கழன்றுதான் வரும், மீண்டும் ஒட்டலாம். ஆனால் எந்தத் தண்டும் பல்லை வலுப்படுத்தாது. மேலே கட்டும் நிரப்பியைப் பிடித்து நிறுத்தவே அது உதவும்.

கடைவாய்ப் பல்லைக் காப்பது உறை. ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் பல் மிஞ்சியிருந்தால், வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டைபோல் உறை அதை இறுக்கிப் பிடிக்கும். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உறையில்லாப் பற்கள் 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன.

ஆகவே, வேர் சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே உறைக்கும் நாள் கேளுங்கள். உறை வரும்வரை அந்தப் பக்கம் முறுக்கு வேண்டாம்.