கணக்கில் ஏறாத ரவுண்டுகள்

1923-இல் நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழின் விளையாட்டு எழுத்தாளர் பால் கேலிகோவுக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் கையால் அடி வாங்கினால் எப்படி இருக்கும்? சரடோகா ஸ்பிரிங்ஸில் பயிற்சியில் இருந்த ஜாக் டெம்ப்ஸியிடமே போய்க் கேட்டார். டெம்ப்ஸியும் சம்மதித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கேலிகோ தரையில் கிடந்தார்.

கேலிகோ பத்திரிகைக்காரர், அவருக்கு அது ஒருநாள் கூத்து. அமெச்சூர் வீரர்களுக்கோ தொழில்முறை வீரர்களோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, செய்வது பயிற்சியின் ஒரு பகுதி. 1959-இல் லூயிவில் நகரின் பள்ளி மாணவன் காசியஸ் கிளே, பின்னாளைய முகமது அலி, வில்லி பாஸ்ட்ரானோ என்ற தொழில்முறை வீரரோடு ரிங்கில் இறங்கினான். திணறியது பாஸ்ட்ரானோ. அவருடைய கோச் ஆஞ்சலோ டண்டீ பாதியிலேயே நிறுத்தினார். அதே பாஸ்ட்ரானோ 1963-இல் உலக லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். தன்னையும் ஒரு கிளேயாக நினைத்துக்கொண்டு ரிங்கில் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். கிளேக்கள்தான் குறைவு.

மூன்றும் பன்னிரண்டும்

அமெச்சூர் போட்டி மூன்றே ரவுண்டு. அதனால் மணி அடித்ததும் முழு வேகத்தில் பாயப் பழகியிருப்பார்கள். 12 ரவுண்டுக்கு மூச்சைச் சேமித்துப் பழகியவர் எதிரே நிற்கிறார். முதல் ரவுண்டில் அவர் குத்துகளை கிளவுஸிலும் முழங்கையிலும் வாங்கிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அமெச்சூர் வீரருக்கு, தான் ஜெயிப்பதுபோலத் தோன்றும். இரண்டாவது ரவுண்டில் நெருங்கி வந்து, பிடரிமேல் தன் எடையைச் சாய்த்து, மெல்ல மூலைக்குத் தள்ளுவார். மூன்றாவதில் அமெச்சூர் வீரருக்கு மூச்சு வாங்கும். கைகள் தாமாகவே தாழும். தலையில் அடி விழுவது பெரும்பாலும் அப்போதுதான்.

வலது விலாவுக்குக் கீழே விழும் இடது ஹூக்கை லிவர் ஷாட் என்பார்கள். விழுந்த கணம் ஒன்றும் தெரியாது. ஒரு நொடி கழித்து கால் மடங்கும். தலை தெளிவாக இருக்கும், உடம்பு எழாது. சில நிமிடங்களில் சரியாகிவிடும். வலி தணியாவிட்டாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

பஞ்சு தரும் தைரியம்

ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கிளவுஸ், தலைக்கவசம். இவ்வளவு இருக்கும்போது என்ன ஆகிவிடும் என்ற துணிச்சல் அதிலிருந்துதான் வருகிறது. பிரிட்டிஷ் வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தை 1985-இல் ஆய்வாளர்கள் அளந்தார்கள். சுமார் 6 கிலோ எடையுள்ள, பஞ்சு சுற்றிய மரச் சுத்தி மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் தாக்குவதற்குச் சமம் என்றார்கள். தலைக்கவசம் வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை சட்டென்று திருகிக் குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தலைக்கவசம் இல்லாமலே மோதினார்கள்.

மயங்கி விழாவிட்டாலும் மூளை அடியை உணர்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகம் ஸ்பாரிங் செய்தவர்களைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டது. பயிற்சி முடிந்த சில மணி நேரத்துக்குள் மூளைக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பு மந்தமாகியிருந்தது. ஞாபகமும் சற்றுக் குறைந்திருந்தது. 24 மணி நேரத்தில் பழைய நிலை திரும்பிவிட்டது. சரி, வாரத்துக்கு மூன்று நாள், வருடக்கணக்கில் என்றால்?

நேரு ஸ்டேடியத்துக்கு வந்தவர்

1980-இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் அலியோடு காட்சிப் போட்டியில் மோதிய ஜிம்மி எல்லிஸை அன்று பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அமெச்சூர் காலத்தில் அலியின் எதிராளி, பிறகு பல வருடங்கள் ஸ்பாரிங் கூட்டாளி. 1968-இல் அவரே ஹெவிவெயிட் உலகப் பட்டம் ஒன்றை வென்றவர். பதிவாகியுள்ள அவரது தொழில்முறைப் போட்டிகள் 53. அலியோடும் மற்றவர்களோடும் ஜிம்மில் ஆடிய ரவுண்டுகளுக்குக் கணக்கே இல்லை. முதுமையில் மறதிநோயால் அவதிப்பட்டு 2014-இல் இறந்தார்.

போட்டி என்றால் ரெஃப்ரி இருப்பார், டாக்டர் இருப்பார். தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனவரை அமெச்சூர் விதிகள் குறைந்தது 30 நாள் ஒதுக்கி வைக்கும். அந்த நாட்களில் ஸ்பாரிங்கும் கூடாது. ஜிம்மில் அதே அடி விழுந்தால், தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ரவுண்டுக்குத் தயாராகிறார்கள். கோச் நல்லவராக இருந்தால் தப்பிக்கலாம். இதைவிடப் பெரிய ஓட்டை இந்த விளையாட்டில் இல்லை.

அன்று இரவு

தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு கண்மணி மட்டும் விரிவது என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. முதல் அதிர்ச்சி ஆறும் முன்னே இரண்டாவது அடி விழுந்தால், அரிதாக மூளை வேகமாக வீங்கி உயிரே போகலாம். அப்படி நேர்வது பெரும்பாலும் இளவயதினருக்கு. அறிகுறிகள் நீங்கி, டாக்டர் சொல்லும்வரை ரிங் பக்கம் போக வேண்டாம்.

தலையில் பலமாக வாங்கியவர் அன்று இரவு அறையில் தனியாகத் தங்கக் கூடாது. வீடு திரும்பும்போது பைக்கையும் அவர் ஓட்ட வேண்டாம். சாவியை கோச் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.