காவேரி சூழ்ந்த தீவில் ஒரு நாள்

சென்ற கோடை விடுமுறையின்போது, அமெரிக்காவில் பணிபுரியும் என் மைத்துனர் தம் குடும்பத்துடன் கரீபியன் கடலிலுள்ள தீவு ஒன்றுக்கு உல்லாசப் பயணம் போயிருந்தார். பார்த்த இடங்களையும் உண்ட உணவு வகைகளையும் படம் பிடித்து நாள் தவறாமல் எங்களுக்கு அனுப்பி வைத்தார். நீலக் கடலும் வெண்மணலும் தென்னஞ்சோலையும் கண்ட என் குழந்தைகள் இருவரும், "நாம் எப்போது தீவுக்குப் போவோம், அப்பா?" என்று கேட்டார்கள். ரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்துக்குக் கரீபியன் தீவு எட்டுவதன்று. ஆயினும் நான் தயங்காமல், "வருகிற ஞாயிற்றுக்கிழமையே போவோம்" என்றேன். என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. மைசூரில் வாழும் நமக்குப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் ஒரு தீவு இருக்கிறது. கடல் சூழ்ந்த தீவன்று. காவேரி இரு கிளைகளாகப் பிரிந்து, தழுவி, மீண்டும் ஒன்று கூடுகிற தீவு. அதுவே ஸ்ரீரங்கப்பட்டணம். ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துக்கொண்டு போய், அரை மணியில் கோயிலைச் சுற்றிக் காட்டிவிட்டு, பிருந்தாவனத்து விளக்குகளைப் பார்க்க ஓடுகிறோமே தவிர, அது ஒரு தீவு என்ற நினைவே நமக்கு வருவதில்லை.

புறப்பாடு

முதல் நாள் இரவே புளியோதரையும் தயிர்சாதத்துக்கு வேண்டியவையும் ஆயத்தமாயின. விடியற்காலை ரயிலில் புறப்பட்டோம். காலை நீட்டி உட்காருவதற்குள் பாலம் வந்துவிட்டது. "இதோ, தீவுக்குள் நுழைகிறோம்" என்றேன். குழந்தைகள் சன்னலோரம் பாய்ந்தார்கள். கீழே பாறைகளுக்கிடையே காவேரி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே இருப்புப்பாதை பழைய கோட்டைக்குள்ளேயே செல்கிறது. பாதையை இரட்டிப்பாக்கும் பணி நடந்தபோது, திப்பு சுல்தான் காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. அதை இடித்துவிடவில்லை. 2017-ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஆயிரம் டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை அப்படியே பெயர்த்து, நூறு மீட்டருக்கும் அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ரயில்வே ஊழியன் என்ற முறையில் அதைப் பெருமையோடு குழந்தைகளுக்குக் காட்டினேன். "வீட்டை உடைக்காமலே வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா?" என்று இளையவள் வியந்தாள். முடியும் என்பதற்கு அந்தக் கிடங்கு சாட்சியாக நிற்கிறது.

ஆதிரங்கன் சந்நிதி

முதலில் அரங்கநாதர் கோயில். கங்கர் காலத்தில் எழுந்து, ஹொய்சளராலும் விஜயநகர மன்னர்களாலும் விரிவாக்கப் பெற்றது. ஆதிசேடன்மேல் பள்ளிகொண்ட பெருமான். திருவடியருகே காவேரித் தாய். காவேரியின் போக்கில் முதலாவதாக அமைந்திருப்பதால் இவர் ஆதிரங்கர். கீழே சிவனசமுத்திரத்தில் மத்தியரங்கர். அதற்கும் கீழே நம் திருவரங்கத்தில் உள்ளவரை அந்தியரங்கர் என்பர். மூவரும் காவேரித் தீவுகளிலேயே பள்ளிகொண்டவர்கள். ஆழ்வார்களின் பாடல் பெற்ற நூற்றெட்டுத் திருப்பதிகளுள் இத்தலம் சேர்ந்ததன்று. ஆயினும் திருவரங்கத்தைத் தலைமையாகக் கொண்ட பஞ்சரங்கத் தலங்களுள் இதுவும் ஒன்றாக எண்ணப்படுகிறது.

1610-ஆம் ஆண்டில் ராஜ உடையார் விஜயநகரப் பிரதிநிதியிடமிருந்து இத்தீவைக் கைப்பற்றினார். அது முதல் 1799 வரை மைசூர் நாட்டின் தலைநகரம் இதுவே. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இங்கிருந்தே ஆண்டார்கள். திப்புவின் அரண்மனை இருந்த இடமும் கோயிலும் கூப்பிடு தூரத்தில்தான் உள்ளன. அரண்மனை அடித்தளமாக எஞ்சியிருக்கிறது. கோயிலில் மணி ஒலிக்கிறது. 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தபோது திப்புவின் உடல் கிடந்த இடத்தை ஒரு கல் குறித்து நிற்கிறது. அங்கே குழந்தைகள் தாமாகவே அமைதியாக நின்றார்கள்.

பறவைகளின் குடியிருப்பு

ஆட்டோ ஒன்றை அமர்த்திக்கொண்டு ரங்கனதிட்டுக்குப் போனோம். பதினேழாம் நூற்றாண்டில் கண்டீரவ நரசராஜ உடையார் காவேரிக்குக் குறுக்கே அணை கட்டியபோது உண்டான சிறு திட்டுகளே இவை. பறவையியல் அறிஞர் சாலிம் அலி எடுத்துச் சொன்னதன்பேரில், 1940-இல் மைசூர் அரசு இதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சதுப்புநிலங்களைக் காக்கும் ராம்சர் உலகப் பட்டியலில் 2022-இல் இடம் பெற்றது.

படகில் சென்றோம். மரங்கள் எல்லாம் பூத்திருப்பன போல் கூழைக்கடாக்களும் நாரைகளும் நிறைந்திருந்தன. பாறைமேல் வாயைப் பிளந்துகொண்டு ஒரு முதலை வெயில் காய்ந்தது. "இவை எந்த ஊர்ப் பறவைகள்?" என்று இளையவள் படகோட்டியைக் கேட்டாள். "சில வெளியூர், சில இங்கேயே பிறந்தவை, மகளே" என்று அவர் கன்னடத்தில் சொல்லிவிட்டுத் துடுப்பை வலித்தார்.

அங்கிருந்து தரியா தௌலத் மாளிகை. 1784-இல் திப்பு தேக்கு மரத்தால் அமைத்த கோடை மாளிகை. அதன் மேற்குச் சுவரில், நம் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780-இல் ஹைதரும் திப்புவும் ஆங்கிலப் படையை முறியடித்த போர் பெரிய சித்திரமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. தோற்ற கர்னல் பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். "காஞ்சிபுரமா? பாட்டி புடவை வாங்குவார்களே, அந்த ஊரா?" என்று கேட்டான் மூத்தவன். தமிழ்நாட்டு மண்ணில் நடந்த போர் கன்னட நாட்டுச் சுவரில் ஓவியமாக இருப்பது அவனுக்குப் பெருவியப்பு. பிறகு ஹைதரும் அவர் மனைவியும் திப்புவும் அடக்கமாகியுள்ள கும்பஸ். தந்தக் கோலம் இழைத்த கதவுகளையும், முகம் பார்க்கும்படி மெருகேற்றிய கருங்கல் தூண்களையும் காண ஒரு மணி நேரம் போதவில்லை.

சங்கமத்தில் விருந்து

உச்சி வேளையில் தீவின் கீழ்க்கோடிக்கு வந்தோம். பிரிந்த காவேரி மீண்டும் கூடும் இடம். சங்கமம் என்றே பெயர். மர நிழலில் பாயை விரித்தோம். அருகே ஒரு கன்னடக் குடும்பத்தார் அமர்ந்திருந்தார்கள். அவர்களுள் மூத்த அம்மையார் எங்களைப் பார்த்து, "ஊட்டா ஆய்தா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றதும் கோசம்பரியும் ஒப்பட்டும் இலையில் வந்தன. நாங்கள் புளியோதரை கொடுத்தோம். வாயில் இட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "புளியோகரே!" என்றார். கன்னடத்தில் ஓகரம் என்றால் சோறு. நாம் புளியோதரை என்பதை அவர்கள் புளியோகரே என்கிறார்கள். இரண்டு எழுத்துதான் வேறுபாடு, புளி ஒன்றுதான். என் குழந்தைகள் அவரை அஜ்ஜி என்று அழைத்து, மடியருகே போய் உட்கார்ந்துவிட்டார்கள். கரீபியன் தீவில் என் மைத்துனர் உண்ட விருந்துக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

உண்டு முடித்துக் கரையோரம் உட்கார்ந்திருந்தபோது, மூத்தவன் என்னருகே வந்து மெல்லக் கேட்டான்: "அப்பா, எங்கள் வகுப்பில் ஒரு பையன், 'எங்கள் தண்ணீரை உங்கள் ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்' என்றான். நம் ஊர் எது?"

எனக்கு உடனே விடை வரவில்லை. மைசூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இக்கேள்வி எழாத வீடு இராது. 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் காவேரிப் பூசலால் கலவரம் மூண்டபோது நான் சிறு குழந்தை. எங்கள் வீட்டுக் கதவு சில நாள் திறக்கப்படவில்லை என்றும், பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் கொல்லைப்புறமாகப் பாலும் அரிசியும் கொடுத்து உதவினார் என்றும் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். 2016 செப்டம்பரிலும் தெருவில் தமிழில் பேச அஞ்சிய நாட்கள் இருந்தன. அஞ்சியதும் உண்மை, பால் வந்ததும் உண்மை. இரண்டையும் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

மகனை ஆற்றில் கால் நனைய நிறுத்திச் சொன்னேன். "உன் தாத்தா திருச்சியிலிருந்து மைசூர் ரயில்வே பணிமனைக்கு மாற்றலாகி வந்தவர். தம் அஸ்தியைத் திருவரங்கத்து அம்மா மண்டபத் துறையில் கரைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவர் காலமானது 2020-இல், ஊரடங்கின்போது. மாநில எல்லையைத் தாண்ட எங்களால் முடியவில்லை. இந்தச் சங்கமத்தில்தான் கரைத்தேன். சொன்னதைச் செய்யவில்லையே என்று மனம் வெதும்பியபோது, பாட்டி என்ன சொன்னார்கள் தெரியுமா? 'எதற்கடா அழுகிறாய்? இந்தத் தண்ணீர் அங்கேதானே போகிறது' என்றார்கள்."

அவன் ஆறு போகும் திசையைப் பார்த்தான். சிவனசமுத்திரம், ஒகேனக்கல், மேட்டூர், முக்கொம்பு, திருவரங்கம் என்று வழியைச் சொன்னேன். மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறு நாட்டின் பொதுச் சொத்து, எந்த ஒரு மாநிலமும் அதற்கு முழு உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்ததையும் சொன்னேன். "அப்படியானால் இரண்டும் நம் ஊர்தான்" என்று அவனே முடிவு செய்துகொண்டு, தங்கையோடு கல் எறியப் போய்விட்டான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி, கரீபியன் கடலிலுள்ள குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர் பல்லாயிரவர். அவர்கள் வழித்தோன்றல்கள் மாரியம்மனை மறக்கவில்லை, மொழியைத்தான் இழந்தார்கள். அவர்களுக்கும் ஊருக்கும் இடையே பெருங்கடல் கிடந்தது. நமக்கோ ஆறே ஊருக்கு வழி காட்டுகிறது. அந்த நற்பேற்றை நாம் உணர்ந்து, வீட்டில் தமிழையும் வெளியில் கன்னடத்தையும் குழந்தைகள் நன்றாகப் பேசும்படி வளர்க்க வேண்டாமா?

போக விரும்புவோர்க்குச் சில சொற்கள்

பறவைகளைக் காண மார்கழி முதல் வைகாசி வரை ஏற்ற காலம். மழைக்காலத்தில் வெள்ளம் மிகுந்தால் ரங்கனதிட்டில் படகு விடமாட்டார்கள். சங்கமத்தில் பரிசலில் போகலாம். ஆனால் நீரில் இறங்கி நீந்துவது ஆபத்து. பாறைகளும் சுழல்களும் உண்டு. குழந்தைகளைக் கையை விட்டு அகல விடலாகாது. உணவுக் கடைகள் பல இருப்பினும், கட்டுச்சோறு கொண்டுபோவதே சிறப்பு. பகிர்ந்துகொள்ளச் சற்றுக் கூடுதலாகவே கட்டுங்கள். உண்ட இலையையும் காகிதத்தையும் ஆற்றில் எறியாதீர்கள். கீழே நம்மவர் குடிக்கும் நீர் அது. நம் சங்கத்தார் ஆண்டுக்கொரு முறை எல்லாக் குடும்பங்களையும் ஒன்றாக அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தால், அடுத்த தலைமுறைக்கு அது பெரும் பயன் தரும்.

மாலை ரயிலில் திரும்பினோம். பாலத்தைக் கடக்கையில் இளையவள் உறங்கிவிட்டாள். மூத்தவன் மட்டும் சன்னல் வழியே ஆற்றைப் பார்த்தபடி வந்தான். இரவு எங்கள் படங்களை மைத்துனருக்கு அனுப்பினோம். மறுநாள் காலை அவரிடமிருந்து பதில் வந்திருந்தது: "அத்தான், அடுத்த முறை ஊருக்கு வரும்போது என்னையும் அந்தத் தீவுக்கு அழைத்துப் போங்கள். புளியோதரையை மறந்துவிடாதீர்கள்."