ஓட்டப்பாதையில் ஒரு கணக்கு

பல வடிவங்கள் சேர்ந்த உருவத்தின் பரப்பளவைக் காண, பகுதிகளின் பரப்பைத் தனித்தனியே கண்டு கூட்டினால் போதும். சுற்றளவையும் அவ்வாறே கூட்டிவிடும் மாணவர் பலர். அது சரியா?

400 மீட்டர் ஓட்டப்பாதையை எடுத்துக்கொள்வோம். சர்வதேச அளவுப்படி அதன் உட்புறம் 84.39 மீட்டர் நீளமும் 73 மீட்டர் அகலமும் உள்ள செவ்வகம். இரு முனைகளிலும் 36.5 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டங்கள். செவ்வகத்தின் பரப்பு 6,160.5 சதுர மீட்டர். அரைவட்டங்கள் இரண்டும் சேர்ந்து 4,185.4. மொத்தம் ஒரு ஹெக்டேருக்குச் சற்று மேல்.

சுற்றளவில்தான் சிக்கல். செவ்வகமும் அரைவட்டமும் ஒட்டும் 73 மீட்டர்க் கோட்டின் மேல் யாரும் ஓடுவதில்லை. அது உருவத்துக்குள் மறைந்துவிடுகிறது. ஆகவே இரு நேர்ப்பகுதிகளையும் ஒரு முழு வட்டத்தின் பரிதியையும் மட்டுமே கூட்ட வேண்டும். விடை 398.12 மீட்டர்! மீதி எங்கே? விளிம்பின் மீதே ஓட முடியாதல்லவா? அதனால் 30 செ.மீ. தள்ளி அளக்கிறார்கள். ஆரம் 36.8 மீட்டராகிறது: 168.78 + 231.22 = 400.

ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். இரண்டாம் தடத்தை அதன் உட்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி அளப்பர். எனவே ஆரம் 1.12 மீட்டர் கூடுகிறது. சுற்று 2 × 3.1416 × 1.12, அதாவது 7.04 மீட்டர் நீள்கிறது. 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் தடத்துக்காரர் அவ்வளவு முன்னே நிற்பது இதனால்தான். நேர்ப்பகுதியின் நீளம் இக்கணக்கில் வரவேயில்லை என்பதைக் கவனியுங்கள். பள்ளி மைதானத்தில் 200 மீட்டர்ப் பாதை போட்டு, இதே முறையில் அளந்தாலும், ஒரு முழுச் சுற்றுக்கு அதே 7.04 மீட்டர்தான். பாதை சிறியதென்று பாதியாகக் குறைத்தால், வெளித்தடத்துப் பிள்ளை மூன்றரை மீட்டர் அதிகம் ஓட நேரும்.