எஞ்சாமி யார் பேரில் இருக்கிறது?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருவையாறு பக்கம். திண்ணையில் உட்கார்ந்து போனில் அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தை ஓடவிட்டிருந்தேன். 2024-ல் வந்தது, நான் தாமதமாகத்தான் பிடித்தேன். ஆல்பம் முடிந்ததும் ஆப் தானாகவே 'என்ஜாய் எஞ்சாமி'க்குப் போய்விட்டது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் பாட்டுக்குத்தானடா சண்டை நடந்துது? கடைசில அது யாரு பேருல இருக்கு?"

"யாரு பேருல" என்பது எங்கள் ஊரில் நிலத்துக்குக் கேட்கிற கேள்வி. பாட்டுக்கு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். அதற்குப் பிறகு தேடிப் படித்ததுதான் இது.

முதலில் கதை. 2021 மார்ச்சில் பாட்டு வந்தது. தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசை, மாஜா வெளியீடு. சினிமாப் பாட்டு இல்லை, ஹீரோ இல்லை. அப்படியும் கல்யாண வீடு, காலேஜ் ஆண்டுவிழா, கட்சி ஊர்வலம் எல்லாவற்றிலும் ஓடியது. துள்ளலாக இருந்தாலும் உள்ளே இருப்பது நிலம் இல்லாதவர்களின் கதை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்கள் திருச்சி, மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்தும் எங்கள் தஞ்சாவூர் பக்கத்திலிருந்தும் போனவர்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்களில் லட்சக்கணக்கானோரைத் திருப்பி அனுப்ப முடிவானது. திரும்பி வந்தவர்களுக்கு இங்கேயும் நிலம் கிடையாது.

சண்டை இரண்டு கட்டமாக நடந்தது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகவே கேட்டார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் கிடாக்குழி மாரியம்மாளோடு தீ இதைப் பாடினார். அறிவு மேடையில் இல்லை. பாட்டை உருவாக்கியது, எழுதியது, பாடியது எல்லாம் தான்தான் என்று அறிவு எழுதினார். இசையமைத்தது நான், வரி எழுதியது அறிவு, உரிமையும் வருமானமும் மூன்று பேருக்கும் சரிசமம் என்று சந்தோஷ் பதில் சொன்னார். ஊரே இரண்டாகப் பிரிந்து கமெண்ட் போட்டது. நானும் ஒரு பக்கம் நின்று இரண்டு மூன்று நாள் வாய்ச்சண்டை போட்டேன்.

2024 மார்ச்சில் வந்ததுதான் கிளைமாக்ஸ். இந்தப் பாட்டிலிருந்து தங்கள் யாருக்கும் இன்று வரை ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் வீடியோ போட்டார். இது அவர் தரப்புக் குற்றச்சாட்டு. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: யார் நட்டது என்று நாம் வரப்பில் நின்று அடித்துக்கொண்டிருந்தோம், களத்தில் நெல்லே வந்து சேரவில்லை என்கிறார்.

இப்போது அப்பா கேட்ட கேள்வி. ஒரு பாட்டு என்பது சட்டப்படி ஒரே பொருள் இல்லை. வரிகள் ஒரு படைப்பு, அது எழுதியவருடையது. மெட்டும் இசையும் இன்னொன்று, அது இசையமைத்தவருடையது. இரண்டையும் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு மூன்றாவது. 1957 காப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் 'ஆசிரியர்' பாடியவர் இல்லை, அதன் தயாரிப்பாளர். ஸ்ட்ரீமிங்கில் வருகிற பணத்தில் பெரிய பங்கு இந்த மூன்றாவதன் வழியாகத்தான் போகும். லேபிள், விநியோக நிறுவனம், கழிவு, முன்பணக் கழிப்பு என்று படிப்படியாக இறங்கி, மிச்சம் இருந்தால் கலைஞனுக்கு.

2012 திருத்தம் பெரிய விஷயம். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டியில் சமபங்கை எழுதிக் கொடுத்துவிடவே முடியாது, கையெழுத்து வாங்கினாலும் செல்லாது என்றது. சினிமாப் பாட்டுக்கு மட்டும் இல்லை, தனிப்பாட்டுக்கும் உண்டு. ஆனால் அது வரிக்கும் மெட்டுக்கும்தான், ஒலிப்பதிவுக்கு இல்லை. பிரின்ஸ் 90-களில் கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடை ஏறியதும், டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களைத் திரும்பப் பாடிப் பதிவு செய்ததும் இந்த மூன்றாவதற்காகத்தான். காலேஜ் ஹாஸ்டலில் ராக் கேஸட்டாகக் கேட்டுத் தீர்த்த காலத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. கிட்டார் சோலோ மட்டும்தான் தெரியும்.

அடுத்தது பதிவேடு. என் தொழில் டேட்டாபேஸ் என்பதால் இதுதான் எனக்கு உறைக்கிறது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. எந்தப் பெயர் எந்தப் பங்கோடு பதிவாகிறதோ அதன்படிதான் பணம் ஓடும். பதிவில் பெயர் இல்லையென்றால் சட்டத்தில் இருக்கிற உரிமை சட்டத்திலேயே இருக்கும்.

இதை நான் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தாத்தா ஒரு மடத்து நிலத்தை வாய்மொழிக் குத்தகையில் உழுதவர். தஞ்சாவூருக்கென்றே 1952-ல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம், பிற்பாடு வந்த திருத்தத்தின்படி விளைச்சலில் நிலக்காரருக்கு 25 சதவீதம்தான். 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய ஒரு சட்டம். தாத்தா பெயர் பதிவாகவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று கேட்கவே இல்லையாம். ஒரு வருஷம் நிலம் வேறு ஆளுக்குப் போனது, காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம் இல்லை. பாட்டையும் வயலையும் ஒன்று என்று சொல்லவில்லை. பாட்டு கிடைக்காதவன் வேறு பாட்டு போடலாம், தாத்தாவால் வேறு வயல் போட முடியவில்லை.

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கினார்கள். நல்ல சட்டம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தொடவில்லை என்பது தனிக்கதை. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி நிலக்கரித் தொகுதிகள் ஏலப் பட்டியலில் வந்தபோது கட்சி வித்தியாசம் இல்லாமல் எதிர்த்தார்கள், ஒன்றிய அரசு வாபஸ் வாங்கியது. அதையும் பாராட்டுகிறேன். ஆனால் மேடையில் ஒருவர் தன்னை விவசாயி என்கிறார், இன்னொருவர் டெல்டாக்காரன் என்கிறார். பதிவில்லாத குத்தகைக்காரனை எப்படிப் பதிவேட்டில் ஏற்றுவது என்று எந்தப் பக்கமும் வாய் திறப்பதில்லை. பயிர்க் கடனும் காப்பீடும் காகிதத்தைப் பார்த்துத்தான் வருகின்றன. நிலத்தைக் காப்பாற்றுவது ஓட்டு வாங்கித் தரும், உழுகிறவன் பெயரை எழுதினால் பட்டாதாரர் கோபித்துக்கொள்வார்.

ஒரு வேடிக்கை. 2015-ல் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காகத் திருச்சியில் கோவனைத் தேசத் துரோக வழக்கில் பிடித்துப் போனார்கள். பிடித்துப் போகும்போது மட்டும் பாட்டு யாருடையது என்பதில் அரசாங்கத்துக்குச் சந்தேகமே வருவதில்லை.

இன்டி பேண்ட் வைத்திருக்கிற தம்பிகள் இரண்டு பேர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். நான் வக்கீல் இல்லை. ஆனாலும் ஸ்டூடியோவை விட்டு வெளியே வருமுன் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று கேட்காதீர்கள், தாத்தாவும் அப்படித்தான் நினைத்தார்.

அப்பாவுக்கு இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அந்தப் பாட்டிக்கு எந்தக் காலம்?" என்றார். வள்ளியம்மாள் சொன்ன கதை, ஒப்பாரியின் இழுப்பு, இதற்கெல்லாம் படிவத்தில் காலம் கிடையாது. பேரன் தன் ஆல்பத்தின் தலைப்பில் போட்டதுதான் இப்போதைக்கு அந்தப் பெயர் ஏறியிருக்கிற இடம் என்றேன்.