துறைமுகத்தில் வைத்த பரீட்சை: நமக்கேற்ற கைத்தொலைபேசி எது?

"மகள், இந்த அம்பது மெகாபிக்சல் எண்டா என்ன? அது கூடினா படம் நல்லா வருமா?"

கல்முனைக் கடையொன்றில் கொடுத்த விளம்பரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாப்பா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. போன் வேண்டுமென்று கேட்டவள் நான்தான். படிப்புக்கும் வேண்டும், படம் எடுக்கவும் வேண்டும். அந்தத் துண்டில் நான் குறித்து வைத்திருந்த இரண்டு போன்களுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்தால், அது என்னுடைய ஒரு வருட டியூட்டரிக் காசு. விளக்கிச் சொல்லத் தெரியாத ஒன்றுக்காக அவ்வளவு காசைக் கேட்பது எனக்கே சரியாகப் படவில்லை.

ஆகவே வாங்குவதற்கு முன் படிப்பது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகும், மறுநாள் சுபஹுக்குப் பிறகும் வாப்பாவுடன் ஒலுவில் துறைமுகப் பக்கம் போனோம். கையில் இரண்டு போன்கள். ஒன்று உம்மாவின் நான்கு வருடப் பழைய போன். மற்றது சாச்சியின் மகள் ராத்தா புதிதாக வாங்கிய, பின்பக்கம் நான்கு கமெராக்கள் உள்ள போன். அங்கு கற்றதையும் பின்னர் தேடி வாசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ஏன் ஒலுவில்?

கடையின் வெள்ளை வெளிச்சத்தில் எல்லாப் போனும் அழகாகத்தான் படமெடுக்கும். கடற்கரை அப்படியல்ல. கண் கூசும் வெயில், உப்புக் காற்று, ஆடும் தோணி, தூரத்து வெளிச்சவீடு, மஃரிப் நேரத்து மங்கல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. நமது கரை கிழக்கு நோக்கியது. காலையில் சூரியன் கடலுக்கு மேலே எழுவதால் கடலைப் படமெடுத்தால் எதிர்வெளிச்சம். மாலையில் சூரியன் நமது முதுகுப் பக்கம். ஒரே காட்சியை இரண்டு வெளிச்சத்திலும் சோதிக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் துறைமுக அமைச்சராக இருந்த காலத்தில் கண்ட கனவு இந்தத் துறைமுகம். 2008 இல் வேலை தொடங்கி, டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்டு, 2013 இல் திறக்கப்பட்டது. இந்தக் கரையோரமாகக் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகிறது. அலை தடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்தது. வாய்க்காலும் மணலால் அடைபட்டது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டது. தென்னைகள் நின்ற இடத்தில் இன்று அலை அடிக்கிறது. "கரை முன்னர் எங்கே இருந்தது?" என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு நம்மில் எத்தனை பேரிடம் படம் இருக்கிறது? ஒரு போனின் கமெரா செய்யக்கூடிய பெறுமதியான வேலை இங்கேயே இருக்கிறது.

மெகாபிக்சல் என்னும் மயக்கம்

படம் என்பது கோடிக்கணக்கான சிறு புள்ளிகளின் தொகுப்பு. ஒரு புள்ளி ஒரு பிக்சல். பத்து இலட்சம் புள்ளிகள் ஒரு மெகாபிக்சல். இந்தச் சஞ்சிகையின் பக்கத்தைப் போல இரண்டு மடங்குள்ள ஏ4 தாள் முழுவதையும் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 2480 × 3508 புள்ளிகள் போதும். பெருக்கிப் பார்த்தால் 8.7 மெகாபிக்சல்தான்.

அப்படியானால் 50 எதற்கு? பெரும்பாலான 50 மெகாபிக்சல் போன்கள் வழமையாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. நான்கு சிறு கிண்ணத்து நீரை ஒரு குவளையில் ஊற்றுவது போல, சேர்த்தால் வெளிச்சம் கூடுகிறது.

உண்மையில் பார்க்க வேண்டியது வெளிச்சத்தை வாங்கும் உணரியின் பருமனை. இது 1/1.5 அங்குலம், 1/2.8 அங்குலம் என்று குறிக்கப்பட்டிருக்கும். பின்னம் என்பதால் கீழே உள்ள எண் சிறிதாக இருந்தால் உணரி பெரிது. அடுத்தது வில்லையின் திறப்பு. எஃப் 1.8, எஃப் 2.4 என்று எழுதப்பட்டிருக்கும். இங்கும் எண் குறைந்தால் திறப்பு அகலம். முன்னதன் ஊடாகப் பின்னதை விட ஏறக்குறைய 1.8 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்.

இந்த அடிப்படை புதியதல்ல. பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் தமது 'கிதாபுல் மனாளிர்' நூலில் ஓர் இருட்டறைச் சோதனையை விவரித்தார். துளைக்கு வெளியே வரிசையாக விளக்குகளை வைத்தால் உள்ளே சுவரில் அத்தனை ஒளிப்பொட்டுகள் விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும். ஒளி நேர்கோட்டில் செல்கிறது, ஒன்றோடொன்று குழம்புவதில்லை என்று அவர் காட்டினார். நமது போனுக்குள் இருப்பதும் ஒரு சின்ன இருட்டறைதான்.

காலையும் மாலையும்

மாலை வெயிலில் இரண்டு போன்களின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உம்மாவின் போன் படம் புகை மூட்டம் போல இருந்தது. "பழசுதானே" என்றேன். வாப்பா எதுவும் பேசாமல் போனை வாங்கி, பின்பக்க வில்லையைத் தமது பருத்திக் கைலேஞ்சியால் மெதுவாகத் துடைத்துத் தந்தார். திரும்ப எடுத்தேன். மூட்டம் போய்விட்டது. கைரேகை எண்ணெயும் உப்புப் படிவும்தான் குற்றவாளிகள். அந்த வெளிச்சத்தில் இரண்டு படங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

காலையில் வித்தியாசம் தெரிந்தது. சூரியனுக்கு முன்னால் நின்ற தோணியை எடுத்தபோது, உம்மாவின் போனில் தோணி கறுப்பு நிழலாக வந்தது. ராத்தாவின் போனில் வானத்து நிறமும் தோணியின் பலகையும் இரண்டுமே தெரிந்தன. புதிய போன்கள் ஒரு தடவை அழுத்தும்போதே வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கின்றன. இந்த வசதியை எச்.டி.ஆர். என்பார்கள்.

மஃரிப் நேர மங்கலில் கை ஆடினால் படம் கலங்கும். அதற்கு உதவுவது ஓ.ஐ.எஸ். எனப்படும், வில்லையையே நகர்த்தி ஆட்டத்தைச் சமன் செய்யும் பொறிமுறை. ஈ.ஐ.எஸ். என்று மட்டும் எழுதியிருந்தால் அது மென்பொருளால் செய்யும் சமாளிப்பு. காணொளிக்கு உதவும், இருட்டுப் படத்துக்கு அவ்வளவாக உதவாது. இரவுப் பயன்முறையும் பல படங்களை அடுக்கித்தான் வெளிச்சம் தருகிறது. நிற்கும் வெளிச்சவீட்டுக்கு அது நல்லது. ஓடும் தங்கச்சிக்குச் சரிவராது.

நான்கு கமெரா தேவையா?

ராத்தாவின் போனில் இரண்டு கமெராக்கள் வெறும் 2 மெகாபிக்சல். மிக நெருக்கத்தில் எடுக்க ஒன்று, பின்னணியை மங்கலாக்க ஒன்று. அவற்றை அவர் ஒரு நாளும் பாவித்ததில்லையாம். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட வைக்கப்படும் கமெராக்கள் இவை. அகலமாக எடுக்கும் கமெரா ஒன்று பயன் தரும்; சிறிய வீட்டுக்குள் குடும்பம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கலாம்.

ஸூம் விடயத்திலும் கவனம் வேண்டும். வில்லையால் வரும் ஸூம் உண்மையாகவே தூரத்தைக் கிட்டே கொண்டுவரும். டிஜிட்டல் ஸூம் என்பது எடுத்த படத்தின் நடுவை வெட்டிப் பெருப்பிப்பதுதான். விளம்பரத்தில் 30 மடங்கு, 100 மடங்கு என்று இருந்தால் அதில் வில்லையின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். முடிந்த இடத்தில் காலால் நடந்து கிட்டப் போவதே மலிவான ஸூம்.

படத்துக்கு வெளியே

ஒரு நாளில் நாம் படமெடுப்பது சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் கடந்தகால வினாத்தாள் பார்க்கிறோம், இணைய வகுப்பில் இருக்கிறோம், மத்திய கிழக்கில் இருக்கும் உறவுகளோடு பேசுகிறோம். அதற்கு வேண்டியவை வேறு.

திரை: வெயிலில் எழுத்து தெரிய வேண்டும். கடைக்கு வெளியே வந்து பாருங்கள். தமிழ் எழுத்துகள் உடையாமல் தெரிகின்றனவா என்றும் பாருங்கள்.

பற்றரி: 5000 மில்லி அம்பியர் மணி உள்ள போன் சாதாரணப் பாவனைக்கு ஒரு நாள் தாங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பற்றரி, 800 தடவை முழுமையாகச் சார்ஜ் செய்த பின்னும் 80 வீதக் கொள்ளளவைக் கொண்டிருக்க வேண்டுமென்பது சட்டம். பற்றரி தேயும் பொருள் என்பதை நாமும் நினைவில் வைக்க வேண்டும். மாற்ற எவ்வளவு செல்லும் என்று முதலே கேட்க வேண்டும்.

சேமிப்பிடம்: ஒரு 12 மெகாபிக்சல் படம் 3 முதல் 5 மெகாபைட் இடம் பிடிக்கும். காணொளி என்றால் ஒரு நிமிடத்துக்கே நூற்றுக்கும் மேற்பட்ட மெகாபைட் போகலாம். 128 ஜீ.பி. இருப்பது நிம்மதி.

பாதுகாப்பு மேம்படுத்தல்: எத்தனை வருடங்களுக்கு வரும் என்று கேளுங்கள். வங்கிக் கணக்கும் குடும்பப் படமும் உள்ள போனுக்கு இது கமெராவை விட முக்கியம்.

நீர்த்தடை: ஐ.பி. 68 என்பதில் 6 தூசுக்கு, 8 நீருக்கு. ஆனால் அந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது. கடல்நீருக்கு உத்தரவாதம் இல்லை. கரையிலிருந்து வந்ததும் போனை ஈரத்துணியால் துடைத்து, சார்ஜ் துளை காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. காசு கொடுப்பதற்கு முன் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் திரையில் வரும். ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை எழுதி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1909 இற்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியப்பட்டதா என்று தெரிந்துகொள்ளலாம். பாவித்த போன் வாங்கும்போது இது இன்னும் அவசியம்.

எடுத்த படம் எங்கே?

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்து போனபோது நமது கரையோர ஊர்களில் உயிர்களோடும் வீடுகளோடும் அல்பங்களும் போயின. எங்கள் வீட்டிலும் மூத்தம்மாவின் முகத்தைக் காட்ட இன்று ஒரு படமும் இல்லை. போன் தொலைந்தாலும் உடைந்தாலும் இதுதான் நடக்கும். ஆகவே ஒரு படத்துக்குப் போனில் ஒரு பிரதி, இணையச் சேமிப்பிலோ வீட்டுக் கணினியிலோ இன்னொரு பிரதி வேண்டும்.

வட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கும். எடுத்த திகதியும் இடமும் அடங்கிய உள்விபரமும் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். சாட்சிக்கு வேண்டிய படத்தை ஆவணமாக அனுப்புங்கள். வீட்டில் எடுத்த படத்தைப் பொதுவில் போடுவதானால் இட விபரத்தை நீக்கிவிடுங்கள். பிறரின் முகம் உள்ள படம் அவர்களுடைய அமானிதம். கேளாமல் எடுக்கவும் கூடாது, பகிரவும் கூடாது. துறைமுக வளாகத்துக்குள் படமெடுப்பதானால் அங்கும் அனுமதி கேட்க வேண்டும்.

கரையைப் பதிவு செய்ய ஒரு முறை இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஸூம் இல்லாமல் நின்று எடுங்கள். அசையாத ஒரு பொருள் படத்துக்குள் வர வேண்டும். மாரி காலத்தில் அலை கூடுவதால் டிசம்பரை ஜூலையோடு ஒப்பிடக் கூடாது. டிசம்பரை அடுத்த டிசம்பரோடு ஒப்பிட வேண்டும். இதற்கு உம்மாவின் பழைய போனே போதும்.

அடுத்த கிழமை வாப்பாவுக்குப் பதில் சொன்னேன். "வாப்பா, அம்பது எண்டுறது பெரிய விசயமில்ல. ரெண்டு போன்லயும் உணரி ஒரே அளவு. விலை கூடினதுல வளைஞ்ச திரையும் ரெண்டு சின்னக் கமெராவும்தான் கூட. விலை குறைஞ்சதுக்கு ஓ.ஐ.எஸ். இருக்கு, பாதுகாப்பு மேம்படுத்தலும் ஒரு வருசம் கூட வரும்."

வாப்பா சிரித்தார். "அப்ப இத முதல்லயே படிச்சிருக்கலாமே மகள்."

விலை குறைந்ததைத்தான் வாங்கினோம். மிஞ்சிய காசு டியூட்டரிக்குப் போனது. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, அதே இடத்தில் நின்று, வெளிச்சவீடும் கரையும் தெரிய ஒரு படம் எடுக்கிறேன். எடுக்குமுன் வில்லையைத் துடைக்க மறப்பதில்லை.